பெட்டியிலிருந்து தவழ்ந்து வந்த சாமி

கூழையூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்பவர்கள் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டார்கள். மூளை எல்லோருக்கும் இருந்தது. புத்தம் புதுசாக, கீறல் விழாமல், மேலுறை கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அந்த ஊருக்கு மருமகளாக வந்து சேர்ந்தவள் சாருமதி. திருச்சியில் கான்வென்டில் படித்த பெண். அவளைப் போய் ஏன் இங்கே கொடுத்தார்கள் என்றால், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை தணிகாசலம் வாயே திறக்கவில்லை. அடக்கமான பையன் என்று அவள் அப்பா மயங்கிவிட்டார். 'அங்கே போய் வாயைத் திறக்காதே' என்று அவன் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஜ்ஜித் தட்டை நீட்டியபோதும் அவன் திறக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

இப்போது அவர்களுக்குத் தவழ்கிற வயதில் ஒரு பையன், கபிலன். அவன் பிறந்ததிலிருந்து சாருமதிக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பயம். பிளக் பாயின்டைக் கண்டால் பயம், சட்டைப் பொத்தானைக் கண்டால் பயம், வேர்க்கடலையைக் கண்டால் பயம். குழந்தை இருமினால் பயம். இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். இத்தனைக்கும் பயந்தவள், டிவியை மட்டும் சாதுவான பொருள் என்று நம்பிவிட்டாள்.

ஊரிலேயே பெரிய டிவி ஏகாம்பரத்தின் அரிசி மில்லில் இருந்தது. ஏகாம்பரம் மில் முதலாளி மட்டுமல்ல, ஊர்த் தலைவரும்கூட. மாலை ஏழு மணிக்கு ஊரே அங்கே கூடி, செருப்பை வெளியே விட்டுவிட்டு, பக்திச்சுடர் டிவியில் 'குட்டிச்சாமி' தொடர் பார்க்கும். எந்தப் புராணத்தில் வருகிற சாமி என்று கேட்காதீர்கள். புராணங்களை எல்லாம் மற்ற சேனல்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் பக்திச்சுடர்க்காரர்கள் சொந்தமாகவே ஒரு சாமியைத் தயார் செய்திருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் அற்புதம், ஞாயிற்றுக்கிழமை லீவு.

தொடர் ஆரம்பித்த அன்றைக்கே டிவிக்குப் பாலாபிஷேகம் நடந்தது. உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே புகை. "சாம்பிராணியை உள்ளேயே வெச்சு அனுப்பியிருக்கான் பாரு கம்பெனிக்காரன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் திரை இருட்டாகவே இருந்தது. சாமி நடை சாத்தியிருக்கிறார் என்று இருட்டுத் திரைக்கு முன்னால் பல நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வேறு டிவி வாங்கியபோது கேபிள்காரர் முத்தையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, சத்தம் காதைப் பிளக்குது. கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"சாமியைப் பார்த்து வாயை மூடுங்கிறியா?" என்றார் ஏகாம்பரம்.

"சரி, விளம்பரம் வரும்போது மட்டும்?"

"விளம்பரம் சாமி இல்லைன்னு உனக்கு யாருய்யா சொன்னது? ரெண்டும் ஒரே கருவறையிலேருந்துதானே வருது?"

அன்றிலிருந்து சோப்புக்கும் பற்பசைக்கும் கற்பூரம் காட்டப்பட்டது. வாயு மாத்திரை விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு பக்தர் கூட்டமே சேர்ந்தது. அவர்கள்தான் ஊரிலேயே தீவிரமானவர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. திரையில் குட்டிச்சாமி அரண்மனையை விட்டுத் தவழ்ந்து தவழ்ந்து இடதுபக்க ஓரத்துக்குப் போனார். ஓரத்தையும் தாண்டி மறைந்தார். அதே நேரம் டிவி மேசையின் இடதுபக்கத்திலிருந்து கபிலன் தவழ்ந்து வந்தான். பல்லியைத் துரத்திக்கொண்டு மேசைக்குப் பின்னால் போனவன், பல்லி தப்பிவிட்டதால் திரும்பி வந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆனால் இடுப்பில் அரைஞாண் கொடி, முகமெல்லாம் பவுடர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. திரையை விட்டுப் போனவருக்கும் அதே அலங்காரம்தான்.

நெல் மூட்டை சரிகிற மாதிரி ஊரே தடாலென்று தரையில் விழுந்தது.

"இந்தப் பக்கமாத்தான் போனார். இந்தப் பக்கமாவே இறங்கிட்டார்!" என்று பக்கத்து வீட்டு சொர்ணத்தாய் விம்மினாள்.

சாருமதி ஓடி வந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். "ஐயோ, எழுந்திருங்க எல்லாரும். இது என் பையன் கபிலன்!"

"நேத்து வரைக்கும்" என்றார் ஏகாம்பரம்.

"காலையிலகூட நீங்க தூக்கி வெச்சிருந்தீங்களே தலைவரே. உங்க சட்டையை நனைச்சுட்டானே!"

ஏகாம்பரத்தின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அந்தச் சட்டையைத் துவைச்சுட்டேனேம்மா. பாவி, துவைச்சுட்டேனே!"

சாருமதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன், இவன் உங்க பையன்னு."

தணிகாசலம் கைகட்டி நின்றான். "நானா எப்படிச் சொல்றது சாரு? சாமி வாயைத் திறந்து சொல்லட்டும், ஒத்துக்கிறேன்."

சாமிக்கு இன்னும் நாலு பல்தான் முளைத்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் திரையில் தேவர்கள் குட்டிச்சாமி மேல் பூமாரி பொழிந்தார்கள். மறுநாள் காலை சாருமதி வாசலில் கபிலனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மொட்டை மாடியிலிருந்து சொர்ணத்தாய் சம்பங்கிப் பூவைக் கொட்டினாள். கூடையோடு. கூடை குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உருண்டது.

"கூடையை எதுக்குக்கா போட்டீங்க?" என்று சாருமதி அலறினாள்.

"டிவியில மேலேருந்து பூ வந்ததுதான் தெரிஞ்சுது கண்ணு. கூடை வந்துச்சா வரலையான்னு காட்டலை. எதுக்கு வம்பு, ரெண்டும் இருக்கட்டும்னு போட்டேன்."

அன்றிலிருந்து சாருமதி குடை பிடித்துக்கொண்டு சோறு ஊட்டினாள். அவளுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்துவிட்டது. இன்றைக்கு ஏழு மணிக்குத் திரையில் எது நடக்கிறதோ, அது நாளைக்குத் தன் பிள்ளைக்கு நடக்கும். மற்றவர்கள் தொடர் பார்க்கும்போது கண்ணீர் விட்டார்கள். அவள் கபிலனை மடியை விட்டு இறக்காமல் பார்த்தாள்.

அப்புறம் ஒருநாள் தொடர் முடிந்ததும் 'நாளை' என்று போட்டான். ஏழுதலை நாகம் ஒன்று வளைந்து நெளிந்து தன் உடம்பையே தொட்டிலாக்க, குட்டிச்சாமி அதில் சிரித்தபடி படுத்திருந்தார்.

மில்லில் அப்போதே ஆலோசனை தொடங்கிவிட்டது.

"ஏழு தலைப் பாம்புக்கு எங்கே போறது?" என்றார் முத்தையா. "நம்ம பக்கத்துல ஒத்தைத் தலைதான் கிடைக்கும்."

"ஒத்தைத் தலையில ஏழு பிடி. கணக்கு சரியா வந்துரும்" என்றார் ஏகாம்பரம்.

"தலை சரிதான் தலைவரே. வாலும் ஏழாயிடுமே? சாமி படுத்திருந்த பாம்புக்கு ஒரு வால்தானே?"

கூட்டம் கவலையில் ஆழ்ந்தது. தணிகாசலம்தான் வழி சொன்னான். "ஆறு வாலை மடிச்சு உள்ளே சொருகிட்டா வெளியே தெரியாதுங்க."

"என்ன இருந்தாலும் சாமியை வளர்த்தவன் மூளை, மூளைதான்" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் சாருமதி.

"தாராளமாப் போயிட்டு வாம்மா. உனக்கும் ஓய்வு வேணாமா?" என்றார் ஏகாம்பரம் கனிவாக. "சாமியை மட்டும் விட்டுட்டுப் போ. அவர் ஊர் எல்லையைத் தாண்டுற எபிசோட் இன்னும் வரலை."

கான்வென்டில் கேள்வித்தாள் கொடுக்கும்போதெல்லாம் சிஸ்டர் ஒருத்தி சொல்வாள், அடியில் இருக்கிற பொடி எழுத்தையும் படித்துவிட்டுப் பேனாவை எடு என்று. மறுநாள் காலை மறுஒளிபரப்பில் சாருமதி அந்தத் தொட்டில் காட்சிக்காகவே மில்லுக்கு வந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். நாகத்தின் வாலுக்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி ஓடியது. படித்தாள். உயிர் வந்தது.

முத்தையா பாம்பாட்டியைத் தேடிச் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். "நில்லுங்க அண்ணே!" என்று கத்தினாள். "தலைவரே, உயிருள்ள பாம்பைக் கொண்டாந்தா தெய்வக்குத்தம் ஆயிடும். டிவியிலயே போட்டிருக்கான் பாருங்க. 'இக்காட்சியில் வரும் பாம்பு கணினியில் உருவாக்கப்பட்டது.'"

ஏகாம்பரம் திரையில் மூக்கு ஒட்டுகிற வரை போய்ப் படித்தார். திரும்பியபோது முகத்தில் ஒரு பிரகாசம்.

"அதானே பார்த்தேன்! கம்ப்யூட்டர்ல பிறந்த பாம்பு. அதுக்குத்தான் ஏழு தலை. புத்துல பிறக்கிறதுக்கு ஏதுய்யா அவ்வளவு வசதி?"

முத்தையா கோணிப்பையும், ஒரு சொம்புப் பாலும், இரண்டு முட்டையும் எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைப் பெண்ணுக்கு எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்த பழக்கம். "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் முத்தையா பையின் வாயை இறுகக் கட்டி, கையை நீட்டிப் பிடித்தபடி வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். உள்ளே ஏழு தாள் பாம்பு.

"சீறிச்சா?" என்று கேட்டாள் சொர்ணத்தாய்.

"மெஷினுக்குள்ளே இருக்கும்போது சீறிச்சு. வெளியே வந்ததும் சூடா இருந்துச்சு. அப்புறம் அடங்கிருச்சு."

தாள்களைப் பசை போட்டுத் தூளியில் ஒட்டினார்கள். கபிலன் படுத்த மாத்திரத்தில் ஒரு தலையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டான். சாருமதி விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். "விஷத்தை எடுத்துட்டார், விஷத்தை எடுத்துட்டார்!" என்று மில் அதிர்ந்தது. அவள் அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். பொடி எழுத்து என்று ஒன்று இருக்கிறவரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சோறு செரிக்கவில்லை. அடுத்த 'நாளை'யில் குட்டிச்சாமி ஒரு மலை உச்சியிலிருந்து குதித்தார்.

சாருமதி பதறாமல் திரையின் அடியைப் பார்த்தாள். நல்லவேளை, எறும்பு ஊர்ந்தது. முழுசாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தலைவரே, பாருங்க! 'தேர்ந்த கலைஞர்கள் செய்த சாகசம் இது. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.' செய்ய வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க!"

"படிச்சோம்மா. நல்லகாலம், முன்னாடியே சொன்னான்" என்றார் ஏகாம்பரம். "உன் வீட்டு மாடியிலேருந்து போடறதாத்தான் இருந்தோம். எவ்வளவு பெரிய அபசாரம் ஆகியிருக்கும்! மில்லு மாடிக்கு மாத்தியாச்சு."

"தேர்ந்த கலைஞர்கள்னு போட்டிருக்கே!"

"சாமியை விடத் தேர்ந்த கலைஞர் யாரும்மா?"

அவள் வாயில் பள்ளிக்கூடத்து 'அருள் நிறைந்த மரியே' பாதி வந்தது. மீதிக்கு மாரியம்மனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரில் யாருக்கு அப்போது கை ஒழிந்திருக்கிறதோ அவர்கள் வரட்டும் என்று.

மறுநாள் ஏழு மணிக்கு மில் மாடியில் ஊர் கூடியது. டிவியையும் மேலே ஏற்றியிருந்தார்கள். கேபிள் வயர் எட்டாததால் அதன் முனையைத் தணிகாசலம் கையால் பிடித்து நின்றான். மாடிப்படியை அடைத்துக்கொண்டு சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு பூனைகூட இறங்க முடியாது. சாருமதி கபிலனை அவன் திமிறும் அளவுக்கு இறுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். கீழே சிமென்ட் களம்.

"நேரமாச்சும்மா, கொடு" என்று ஏகாம்பரம் கையை நீட்டினார்.

"கீழே யாராவது ஒரு வேட்டியையாவது விரிச்சுப் பிடிங்களேன்!"

"டிவியில யாரும் பிடிக்கலையே."

"அப்போ... டிவியில முதல்ல குதிக்கட்டும். சாமிக்கு முன்னாடி நாம குதிச்சா மரியாதையா இருக்குமா?"

அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. காத்திருந்தார்கள். திரையில் மலை உச்சி. மேளம். குட்டிச்சாமி குதித்தார். பாதி வழியில் நிறுத்திவிட்டு சோப்பு விளம்பரம் போட்டான். அதற்கும் கற்பூரம் காட்டினார்கள். பிறகு திரையில் 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து வந்தது. தரையில் வந்து இறங்கியவர் மீசை வைத்த வாலிபர். நெஞ்சு முழுக்க நகை.

எல்லோரும் திரையையும் கபிலனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"குதிச்சது குழந்தை. இறங்கினது வாலிபர்" என்றார் முத்தையா மெதுவாக. "அப்படின்னா இங்கேருந்து போட்டா..."

"கீழே போறதுக்குள்ளே இருபது வயசு ஆயிடும்!" என்று தணிகாசலம் வயரோடு துள்ளினான். "சாரு, பால் செலவு மிச்சம். பள்ளிக்கூடத்துல இடம் கேட்டு அலைய வேணாம். சீக்கிரம் கொடு!"

எல்லாக் கைகளும் நீண்டன. சாருமதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியவள், கடைசியாக ஒருமுறை திரையின் அடியைப் பார்த்துவிடலாம் என்று திறந்தாள். பொடி எழுத்து எதுவும் இல்லை. ஆனால் திரையில் வாலிபச் சாமி வீட்டுக்குள் நுழைந்திருந்தார். சுவரில் அவருடைய அப்பாவின் படம். படத்துக்கு மாலை. முன்னால் சிவப்பு பல்பு.

"ஐயோ!" என்று அலறினாள் சாருமதி. "அவர் போயிட்டாரே! என்னை விட்டுட்டுப் போயிட்டாரே!"

ஊர் திரையைப் பார்த்தது. பிறகு தணிகாசலத்தைப் பார்த்தது. தணிகாசலமும் திரையைப் பார்த்தான். அவன் கையிலிருந்த வயர் நழுவியது.

"நல்லாத்தானேங்க இருந்தேன்" என்றான் தழுதழுத்த குரலில். "மத்தியானம்கூட ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேனே."

"இருபது வருஷத்துல யாருக்கு எப்போ வரும்னு யார் கண்டா?" என்று முத்தையா அவன் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். "பொறுத்துக்கப்பா. நாங்க இருக்கோம்."

சாருமதி ஒப்பாரியை நிறுத்தாமலே ஒரு கண்ணால் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். "தலைவரே, அப்பன் செத்த தீட்டு இருக்கே இந்தக் குழந்தைக்கு. தீட்டோட சாகசம் பண்ணலாமா?"

ஏகாம்பரம் நெருப்பை மிதித்தவர்போல் இரண்டடி பின்னால் போனார். "தொடாதீங்கய்யா! எல்லாரும் தள்ளி நில்லுங்க! தீட்டுப்பட்ட சாமிக்குப் பூஜையும் இல்லை, ஒண்ணும் இல்லை. காரியம் முடியற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது. எல்லாரும் போய்க் குளிங்க!"

சொர்ணத்தாய் படியை விட்டு எழுந்தாள். சாருமதி அந்த இடைவெளியில் புகுந்து, குழந்தையோடு வீட்டுக்குள் போய்த்தான் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது தணிகாசலம். பொட்டை அழிப்பதா என்று ஒரு பேச்சு எழுந்தது. "டிவியில சாமியோட அம்மா உதட்டுச் சாயத்தையே அழிக்கலை. இவ பொட்டை எதுக்கு அழிக்கணும்?" என்று சொர்ணத்தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனால் படம் இல்லாமல் துக்கவீடு உண்டா? வீட்டில் இருந்ததோ கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் தாலி கட்டும்போது 'குனி' என்று யாரோ சொன்னதற்காகத் தணிகாசலம் கடைசிவரை குனிந்தே இருந்ததால், முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது.

ஏகாம்பரம் யோசித்து, ஆசாரியிடம் சொல்லிக் கண்ணாடி இல்லாத பெரிய சட்டம் ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். அதைச் சுவருக்குச் சற்று முன்னால் தொங்கவிட்டு, பின்னால் தணிகாசலத்தை உட்கார வைத்து, மாலை போட்டு, முன்னால் சிவப்பு பல்பையும் எரியவிட்டார்கள். படம் அசையாதென்பதால் அவனும் அசையவில்லை. சாருமதி கபிலனை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். யாராவது குழந்தைப் பக்கம் நெருங்கினால் உடனே ஒரு ஒப்பாரி வைத்தாள். அவர்கள் பின்வாங்கியதும் நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது படம் உதட்டை அசைக்காமல் பேசியது.

"சாரு, முதுகு அரிக்குது. நான் உயிரோட வந்துடட்டுமா?"

"வந்தா தீட்டுக் கழிஞ்சிரும். கபிலனை மாடியிலேருந்து போட்டுருவாங்க. பரவாயில்லையா?"

படம் யோசித்தது. யோசிப்பது அதற்குப் பழக்கமில்லாததால் நேரம் எடுத்தது. மடியில் கிடந்த குழந்தை அதைப் பார்த்துப் நாலு பல்லையும் காட்டிச் சிரித்தது.

"வேணாம்" என்றது படம்.

"அப்போ செத்தே இருங்க. நான் சொல்லும்போது எழுந்திருக்கலாம்."

அந்த நேரம் சொர்ணத்தாய் வெளியூர்ச் சொந்தக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் சட்டத்துக்கு முன்னால் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். ஒரு ஈ வந்து தணிகாசலத்தின் மூக்கில் உட்கார்ந்தது. அவன் தும்மினான். மாலை நழுவியது. அவனே அதைப் பிடித்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பழையபடி அசையாமல் உட்கார்ந்தான்.

"ஆகா, அப்படியே உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு" என்று உருகினாள் வெளியூர்க்காரி. "எந்த ஸ்டூடியோவுல எடுத்தது?"

சொர்ணத்தாய்க்குத் தெரியவில்லை. படத்தைக் கேட்டாள். படத்துக்கும் தெரியவில்லை.